ஓர் அமெரிக்கரும் அவர் பக்கத்தில் நின்றவர்களும்

பனமலைக் கோயிலின் பக்கச் சன்னதி ஒன்றில் பார்வதி இன்னும் நிற்கிறாள். மேலே குடை, தலையில் மகுடம், ஒரு காலை மடித்துப் பின்னால் ஊன்றியபடி உடம்பை லேசாகச் சாய்த்து எதையோ ரசித்துக்கொண்டிருக்கிறாள். அவள் ரசித்தது சிவனுடைய ஆட்டம். அந்தச் சிவன் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டான். கண்ணை இடுக்கிப் பார்த்தால் சில கோடுகள் தட்டுப்படும், அவ்வளவுதான். ராஜசிம்ம பல்லவன் காலத்து ஓவியன் இரண்டு பேரை வரைந்தான். நமக்குக் கிடைத்திருப்பது பார்க்கிறவளும் அவள் பார்வையின் திசையும்.

பழைய நிழற்படங்களை வைத்து, இல்லாமல் போனவர்களைப் பற்றி எடுக்கப்படும் ஆவணப்படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சுவர்தான் ஞாபகம் வரும். அந்தப் படங்களிலும் யாரோ ஒருவர் மட்டும் பிழைத்திருப்பார். அவரைச் சுற்றியிருந்தது உதிர்ந்துபோயிருக்கும். படம் எடுப்பவர் அந்த உதிர்வை என்ன செய்கிறார் என்பதுதான் கேள்வி. பூசி மறைக்கிறாரா, உதிர்ந்தது உதிர்ந்தபடியே காட்டுகிறாரா?

கரண் பாலி இயக்கிய ‘அன் அமெரிக்கன் இன் மெட்ராஸ்’ 2013இல் வந்தது. சுமார் 80 நிமிடம். எல்லிஸ் ஆர். டங்கனைப் பற்றிய படம். டங்கன் 1909இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் பிறந்தவர். தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சினிமா படித்தபோது உடன் படித்த மாணிக்லால் டாண்டன் அழைக்க, 1935இல் இந்தியாவுக்கு வந்தார். கூடவே மைக்கேல் ஒமலேவ் என்ற இன்னொரு வகுப்புத் தோழரும் வந்தார். கொஞ்ச நாள் இருந்து பார்க்கலாம் என்று வந்த டங்கன், 15 வருஷம் தங்கிவிட்டார். ‘சதி லீலாவதி’ (1936), ‘அம்பிகாபதி’ (1937), ‘சகுந்தலை’ (1940), ‘மீரா’ (1945), ‘பொன்முடி’ (1950), ‘மந்திரிகுமாரி’ (1950) என்று பத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் படங்களை இயக்கினார். கடைசிவரை தமிழ் பேசக் கற்றுக்கொள்ளவில்லை. 1950இல் ஊர் திரும்பி, 2001இல் இறந்தார்.

இந்த வரலாறு தமிழ் சினிமா ரசிகருக்குப் பொது அறிவு வினா அளவில்தான் தெரியும்: எம்.ஜி.ஆரை அறிமுகப்படுத்திய வெள்ளைக்காரர் யார்? விடை எழுதியதும் அந்த மனிதர் மறைந்துவிடுவார். கரண் பாலி செய்த முதல் நல்ல காரியம் டங்கனை அந்த விடைத்தாளிலிருந்து எடுத்தது. ஸ்டில்கள், படத் துண்டுகள், பேசுகிறவர்களின் நினைவுகள் இவற்றைக் கோத்து அவரை ஒரு தொழில்காரராக நம் முன் நிறுத்துகிறார். இது சின்ன வேலை இல்லை. முப்பதுகளில் வந்த தமிழ்ப் படங்களில் பெரும் பகுதிக்குப் பிரதியே கிடையாது. பிரதி இருந்தாலும் தேய்ந்து, கோடு விழுந்து, சத்தம் கரகரத்துக் கிடக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் ஒருவரின் கைவண்ணத்தைக் கண்ணால் காட்டுவதே சாதனைதான்.

இதை நான் பார்த்தது பனமலையில், ஏரிக்கரையோரம் ஒரு உறவினர் வீட்டுத் திண்ணையில், மடிக்கணினியில். பக்கத்து வீட்டு மாமாவும் வந்து உட்கார்ந்தார். திண்டிவனம் பக்கத்து டூரிங் கொட்டகைகளில் ஆபரேட்டராக இருந்தவர். கார்பன் குச்சி எரித்துப் படம் ஓட்டிய தலைமுறை. படம் ஆங்கிலத்தில் இருந்ததால் அவருக்குப் பேச்சு புரியவில்லை. ஆனால் துண்டுக் காட்சிகள் வந்தபோதெல்லாம் என்னைவிட அவர்தான் கூர்மையாகப் பார்த்தார். பாதியில் ஒரு கேள்வி கேட்டார்.

“தம்பி, இந்தாளுக்குத் தமிழ் தெரியாதுன்றியே. அப்ப ஆர்ட்டிஸ்ட்டுக்கு இவரு சொன்னத யாரு சொன்னாங்க?”

இந்தப் படத்தைப் பற்றி வந்த எந்த விமர்சனத்தைவிடவும் இது நல்ல கேள்வி. இனி நான் எழுதப்போவதெல்லாம் இதற்குப் பின்னால் நடந்துபோவதுதான்.

முதலில் சான்றுகளைத் தரம் பிரிக்க வேண்டும். டங்கனைப் பற்றிய கதைகளில் மிகப் பிரபலமானது ‘மீரா’வின் சுண்ணாம்புத் தலை. எம்.எஸ். சுப்புலட்சுமியின் முகத்துக்கு எந்தக் கோணத்தில் எந்த வெளிச்சம் பொருந்தும் என்று கண்டுபிடிக்க, அவருடைய தலையைப் பிளாஸ்டர் அச்சில் வார்த்து, டங்கனும் ஒளிப்பதிவாளர் ஜித்தன் பானர்ஜியும் அதை ஸ்டூடியோவில் வைத்தார்கள். விளக்கை மேலே, கீழே, பக்கவாட்டில் மாற்றி மாற்றிப் படம் எடுத்துப் பார்த்தார்கள். பிறகுதான் உயிருள்ள முகத்துக்கு வந்தார்கள். கதை நிஜமா என்று சந்தேகப்படுகிறவர் படத்தைப் பார்க்கலாம். கோயிலுக்குள் மீரா பாடும் அண்மைக் காட்சிகளில் கன்னத்தின் ஓரத்தில் வெளிச்சம் வழிந்து நிற்கிற விதம், அந்தக் காலத்து வேறு தமிழ்ப் படங்களில் அரிது. அங்கே நினைவும் பிம்பமும் ஒன்றையொன்று தாங்குகின்றன. இதைச் சான்று என்று ஒப்புக்கொள்ளலாம்.

‘அம்பிகாபதி’ கதை வேறு மாதிரி. டங்கன் ‘ரோமியோ ஜூலியட்’ பிரதியில் சில வரிகளைக் குறித்துக் கொடுத்தார், இளங்கோவன் அவற்றைத் தமிழ்க் காதல் வசனமாக மாற்றினார் என்பது காலங்காலமாகச் சொல்லப்படுவது. எம்.கே. தியாகராஜ பாகவதரும் எம்.ஆர். சந்தானலட்சுமியும் நடிக்கிற காதல் காட்சிகளில் ஷேக்ஸ்பியரின் மாடம் தெரிகிறது, உண்மைதான். ஆனால் அந்தக் காட்சிகளைத் தூக்கி நிறுத்துவது தமிழ். அதுவரை நாடக மேடைத் தமிழில் முக்கி முனகிக்கொண்டிருந்த வசனம் அங்கே முதுகை நிமிர்த்துகிறது. குறித்துக் கொடுத்தவருக்கு எவ்வளவு பங்கு, எழுதியவருக்கு எவ்வளவு? டங்கனுடைய சுயசரிதை 2001இல், அதாவது சம்பவங்கள் நடந்து அறுபது ஆண்டுக்குப் பிறகு வந்தது. நினைவு யாருடையதோ, கதையின் நடுவில் அவர்தான் இருப்பார். அது பொய் என்று அர்த்தமில்லை. எடை போட்டு வாங்க வேண்டிய சரக்கு என்று அர்த்தம்.

நிழற்படங்களுக்கும் இதே தராசுதான். சினிமா ஸ்டில் என்பது ஒரே சாதி இல்லை. விளம்பரத்துக்கு எடுத்தது ஒன்று. அதில் காட்சியே நடக்கவில்லை, நடிகர்களை நிறுத்திவைத்து எடுத்திருப்பார்கள். படப்பிடிப்பு நடக்கும்போது எடுத்த ‘ஒர்க்கிங் ஸ்டில்’ ஒன்று. அதில் கேமராவும் இயக்குநரும் நடுவில் இருக்கும்படி ஸ்டில் போட்டோகிராபர் இடம் பார்த்து நிற்பார், அதற்குத்தான் அவருக்குச் சம்பளம். வீட்டு ஆல்பம் இன்னொன்று. அதில் சந்தோஷம் மட்டும்தான் இருக்கும். மூன்றையும் ஒரே இசையில், ஒரே வேகத்தில் நகர்த்திக் காட்டுவது வாழ்க்கை வரலாற்று ஆவணப்படங்களின் பொதுப் பழக்கம். எந்தப் படம் யாரால், எதற்காக எடுக்கப்பட்டது என்று சொல்லாமல் விட்டால், விளம்பரதாரர் சொன்னதை வரலாறு என்று நாம் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்போம்.

இந்த வகைப் படங்களுக்கு அளவுகோல் எது என்று கேட்டால் நான் 1957க்குப் போவேன். கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் எடுத்த ‘சிட்டி ஆஃப் கோல்ட்’; இயக்கியவர்கள் காலின் லோ, வுல்ஃப் கோனிக். 22 நிமிடம்தான். 1898இல் தங்கம் தேடி ஆயிரக்கணக்கானோர், அதிலும் பெரும்பாலும் அமெரிக்கர்கள், கனடாவின் வடகோடியில் டாசன் என்ற ஊரில் குவிந்தார்கள். அடுத்த ஆண்டே அலாஸ்காவில் தங்கம் என்று சேதி வர, கலைந்துபோனார்கள். அவர்களை எரிக் ஹெக் கண்ணாடித் தகடுகளில் படம் எடுத்து வைத்திருந்தார். அந்தத் தகடுகள் ஒரு மர வீட்டில் கிடந்தன, மேலே இருந்த ரசாயனத்தைச் சுரண்டிவிட்டுச் செடி வளர்க்கும் கண்ணாடிக் கூரைக்குப் போகவிருந்தவை கடைசி நேரத்தில் தப்பின என்றொரு கதை உண்டு. நம்மூரில் ஓலைச்சுவடி அடுப்புக்குப் போன கதை நினைவுக்கு வருகிறதா?

அந்தப் படம் எடுத்த எடுப்பில் பழைய படங்களைக் காட்டாது. ஐம்பதுகளின் டாசனைக் காட்டும்: திண்ணையில் குந்தியிருக்கும் கிழவர்கள், பந்தாடும் பையன்கள். பிறகு சத்தமில்லாமல் உள்ளே போகும். பனி மூடிய சில்கூட் மலைச்சரிவில் எறும்பு வரிசையாக மனிதர்கள் ஏறுகிற அந்த ஒரு நிழற்படத்தின் மேல் கேமரா மெல்ல ஊர்கிறது. அதற்கென்றே ரோமன் க்ரோய்ட்டர் என்பவர் ஒரு கருவி செய்தார். அசைவது கேமரா மட்டும், மனிதர்கள் உறைந்தபடிதான். குரல் கொடுக்கும் பியர் பெர்ட்டன் அதே ஊரில் வளர்ந்தவர், அவருடைய அப்பா அந்த 1898 கூட்டத்தில் மலை ஏறி வந்தவர். ஆகவே அவர் பேசுவது விளக்கமாக இல்லை, வீட்டுப் பேச்சாக இருக்கிறது. இன்று உலகம் முழுக்க நிழற்படத்தை ‘ஜூம்’ செய்து எடுக்கப்படும் ஆவணப்படங்களுக்கெல்லாம் இதுதான் மூத்த தாய்.

அதற்கும் குறை உண்டு. தங்கம் தேடி வந்த கூட்டம் அங்கே காலங்காலமாக மீன் பிடித்து வாழ்ந்த பழங்குடியினரை ஆற்றில் கீழ்நோக்கித் தள்ளிவிட்டது. மூஸ்ஹைட் என்ற இடத்துக்கு அவர்கள் போனார்கள். படத்தில் அவர்களுக்கு இடமில்லை என்றே சொல்லலாம். ஆனாலும் ஒரு விஷயத்தில் ‘சிட்டி ஆஃப் கோல்ட்’ நேர்மையானது. அது ஒரு வீரனைத் தேடவில்லை. வரிசையில் ஏறியவர்களில் யாருக்கும் பெயர் சொல்லாமல், அந்த வரிசையையே பாத்திரமாக்கியது.

டங்கன் விஷயத்தில் அந்த வரிசை எங்கே? தலைப்பே சொல்கிறது: ஓர் அமெரிக்கர். ஆனால் முப்பதுகளின் இந்திய ஸ்டூடியோக்களில் வெளிநாட்டுக்காரர்கள் ஒரு சிறு சமூகமாகவே இருந்தார்கள். பம்பாய் டாக்கீஸில் ஜெர்மன் இயக்குநர் ஃப்ரான்ஸ் ஆஸ்டன், ஒளிப்பதிவாளர் ஜோசஃப் விர்ஷிங். ஹிட்லரிடமிருந்து தப்பி பம்பாய்க்கு வந்த யூதர்கள் வில்லி ஹாஸ், வால்டர் கௌஃப்மன். இவர்களில் கௌஃப்மன் போட்ட அகில இந்திய வானொலியின் அடையாள இசையைக் கேட்டுத்தான் நம் வீடுகளில் பல ஆண்டுகள் பொழுது விடிந்தது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸிலும் ஜெர்மன் தொழில்நுட்பக்காரர்கள் இருந்தார்கள். மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ (1938) மாடர்ன் தியேட்டர்ஸ் அதிபர் டி.ஆர். சுந்தரத்தின் தயாரிப்பு. அதன் ஒளிப்பதிவாளர் ஒரு ஜெர்மானியர். அவர் பெயரை பாடோ குஷ்வாக்கர், போடோ குட்ஷ்வாகர் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். ஒரு மொழியின் முதல் பேசும் படத்தை எடுத்தவருக்கு நிலையான எழுத்துக்கூட்டுகூட மிஞ்சவில்லை.

இந்தச் சமூகம் ஏன் மறைந்தது? 1939இல் போர் வந்தது. அதுவரை அவர்கள் எல்லாரும் நம் கண்ணுக்கு ‘வெள்ளைக்காரர்’. போர் வந்ததும் கையில் இருந்த பாஸ்போர்ட் அவர்களைப் பிரித்தது. ஜெர்மானியர்கள் எதிரி நாட்டவர், முகாமில் அடைக்கப்பட்டார்கள். ஆஸ்டனின் இந்திய வாழ்க்கை அத்தோடு முடிந்தது. விர்ஷிங் முகாம் முகாமாக இருந்து, போர் முடிந்து திரும்பி வந்து ‘மஹல்’ எடுத்தார். ‘பாகீஸா’வில் வேலை செய்துகொண்டிருக்கையில் 1967இல் இறந்தார். டங்கனோ அமெரிக்கர். அவர் வெளியே இருந்தார். மதராஸ் அரசுக்காகப் போர்க்காலப் படப்பிடிப்பு வேலையும் செய்தார், ‘மீரா’வையும் எடுத்தார். அவருடைய 15 ஆண்டு நீடிப்புக்குத் திறமை ஒரு காரணம், சரி. தேசம் இன்னொரு காரணம். இந்த இரண்டாவதை அழுத்திச் சொல்லாத எந்த டங்கன் வரலாறும் பாதி வரலாறுதான். ஒருவர் ஏன் மிஞ்சினார் என்பதை, மற்றவர்கள் எப்படிக் காணாமல் போனார்கள் என்று சொல்லாமல் விளக்க முடியாது.

இங்கே ஒரு மறுப்பு வரும். வாழ்க்கை வரலாறு எடுக்கிறவரிடம் போய் ஊர் வரலாறு கேட்பது நியாயமா? தோசைக் கடையில் உட்கார்ந்து பிரியாணி இல்லையே என்று சண்டை போடலாமா? நியாயமான மறுப்பு. ஒருவரைத் தேர்ந்துகொள்வது படைப்பாளியின் உரிமை. டங்கனைப் பொறுத்தவரை சிக்கல் என்னவென்றால், மொழி தெரியாத இயக்குநரின் வேலை என்பது தனி ஆள் வேலையாக இருக்கவே முடியாது. நடிகருக்கும் அவருக்கும் நடுவில் ஒவ்வொரு ஷாட்டிலும் ஒருவர் நின்றிருக்க வேண்டும். ‘மீரா’வை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டு எழுதியவர்களில் ஒருவர் கல்கி, இசை எஸ்.வி. வெங்கட்ராமன், விளக்கு பானர்ஜி, பின்னால் நின்று எல்லாவற்றையும் நடத்தியவர் டி. சதாசிவம். சிறுமி மீரா ஒரே பாட்டுக்குள் வளர்ந்து எம்.எஸ். ஆகிற அந்த மாற்றத்தில் டங்கனின் கை தெரிகிறது. ஆனால் அது நான்கு பேர் தாங்கிப் பிடித்த கை. ‘பொன்முடி’ பாரதிதாசனின் ‘எதிர்பாராத முத்தம்’ காவியத்திலிருந்து வந்தது. அதன் காதல் காட்சிகளைப் பார்த்துவிட்டு வெள்ளைக்காரன் நம் பண்பாட்டைக் கெடுக்கிறான் என்று கூச்சல் போட்டார்கள். புதுச்சேரிக் கவிஞர் முத்தம் என்று தலைப்பிலேயே வைத்ததைக் கூச்சல் போட்டவர்கள் வசதியாக மறந்துவிட்டார்கள். பழியும் ஒருவருக்கே, புகழும் ஒருவருக்கே. ‘மந்திரிகுமாரி’ மு. கருணாநிதியின் நாடகம், அவருடைய வசனம். டங்கன் முடிக்காமல் கிளம்பிப்போக, மீதியை முடித்தவர் டி.ஆர். சுந்தரம். ஆக, அவருடைய கடைசித் தமிழ்ப் படமே பங்குப் பத்திரம்.

எனவே ‘ஓர் அமெரிக்கர்’ என்கிற சட்டகம் வெறும் தேர்வு இல்லை, அது ஒரு வாதம். தமிழ் சினிமாவுக்கு நகரும் கேமராவும் நெருக்கமான காதலும் வெளியிலிருந்து ஒருவர் கொண்டுவந்து கொடுத்தவை என்று அது மறைமுகமாகச் சொல்கிறது. மௌனப் பட நாளிலிருந்து உழைத்த ராஜா சாண்டோ இருக்கிறார்; ‘தியாகபூமி’ எடுத்த கே. சுப்ரமணியம் இருக்கிறார். டங்கன் அவர்களுக்கு ஆசானாக வரவில்லை, அவர்கள் நடுவில் இன்னொருவராக வேலை பார்த்தார். அப்படிப் பார்த்தால் அவர் குறைந்துபோக மாட்டார். தமிழே தெரியாமல் இவ்வளவு பேரோடு சேர்ந்து வேலை வாங்கியவர் என்ற வியப்பு கூடத்தான் செய்யும்.

விர்ஷிங்கின் நிழற்படங்கள் குடும்பத்தார் வசம் பிழைத்து, 2017இல் கோவாவில் கண்காட்சியாக வைக்கப்பட்டன. அவற்றின் மதிப்பு எங்கே இருக்கிறது என்றால், எடுத்தவரே ஒளிப்பதிவாளர் என்பதால் தளத்தின் ஓரங்களும் அதில் விழுந்திருக்கின்றன: ஓய்வில் இருக்கும் நடிகைகள், கருவிகள், காத்திருக்கிற ஆட்கள். சேலத்துக்கும் கீழ்ப்பாக்கம் நியூடோன் ஸ்டூடியோவுக்கும் அப்படியொரு தொகுப்பு வாய்த்திருந்தால் கரண் பாலியின் படமே வேறாகியிருக்கும். ஆகவே குறையில் ஒரு பங்கு நம்முடையது. ஸ்டூடியோ இடிந்தபோது பெட்டி பெட்டியாக ஸ்டில்லைப் பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டது ஒஹையோக்காரர் இல்லை.

சரி, தீர்ப்பு. ‘அன் அமெரிக்கன் இன் மெட்ராஸ்’ ஒரு தொழில்காரரின் வரலாறாக நம்பி வைத்துக்கொள்ளலாம். படத் துண்டுகளைக் காட்டி வாதிடுகிற இடங்களில் உறுதியாக நிற்கிறது, நினைவை மட்டும் நம்புகிற இடங்களில் வழுக்குகிறது. டங்கனைப் பற்றிப் பேசுகிறவர் யாரும் இதைப் பார்க்காமல் பேசக் கூடாது. ஆனால் மறைந்துபோன ஒரு வெளிநாட்டார் உலகத்தின் சித்திரமாக இதை ஏற்க முடியாது. அந்த உலகத்தின் வாசலில் அழகான ஓர் ஆளை நிறுத்திவைத்துவிட்டுக் கதவைச் சாத்துகிறது. ‘சிட்டி ஆஃப் கோல்ட்’ முகம் தெரியாதவர்களின் வரிசையை வைத்து ஓர் ஊரை எழுப்பியது. இங்கே முகம் தெரிந்த ஒருவரால் வரிசை மறைகிறது. இரண்டில் எதை அதிகம் நேசிக்கிறேன் என்று கேட்டால், என் மனம் டங்கன் பக்கம்தான் சாயும், அது ஊர்ப் பாசம். எது பெரிய படம் என்று கேட்டால் தயங்காமல் டாசன் என்பேன்.

பாண்டிச்சேரியில் பாடம் நடத்திக்கொண்டே பல்லவக் கோயில்களைத் தேடி அலைந்த ழூவோ துப்ரேயில் என்ற பிரெஞ்சுக்காரரையும் இந்த ஊரில் வைத்து நினைக்காமல் இருக்க முடியவில்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் வந்த அவருடைய நூலில் பனமலையும் இருக்கிறது. அவருக்கு இந்தக் குன்றுக்கு வழி காட்டிய ஆள் யாரோ.

படம் முடிந்ததும் மாமா எழுந்து வீட்டுக்குப் போனார். தூங்கப் போய்விட்டார் என்று நினைத்தேன். கையில் ஒரு பழைய பிஸ்கட் டின்னோடு திரும்பி வந்தார். உள்ளே சுருள் சுருளாகக் கறுப்பு வெள்ளைப் பிலிம் துண்டுகள். ரீல் அறுந்து ஒட்டுப் போடும்போது வெட்டி எறிய வேண்டிய நாலு ஃப்ரேம், ஆறு ஃப்ரேம். எறிய மனசு வராமல் சேர்த்து வைத்தது. ஒன்றை எடுத்து டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். ஓரத்துத் துளையெல்லாம் கிழிந்திருந்தது. ஒரு பெண் முகம், பாதி. பின்னால் தூண் மாதிரி ஏதோ.

“இது எந்தப் படம் மாமா?”

“யாருக்குத் தெரியும்? பாரு, கன்னத்துல லைட்டு எவ்ளோ நல்லா போட்டுருக்கான்.”